குழந்தை முடங்கியது யார் குற்றம்?



ஆறு மாதமாகியும் குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. பால் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுகிறது. துணி மாற்றக் கால்களைப் பிரித்தால், கத்தரிக்கோலைப்போல் ஒன்றின்மேல் ஒன்று இறுகிக்கொள்கின்றன. ஒரு கை எப்போதும் மூடியபடியே இருக்கிறது. இப்படி ஒரு குழந்தை லயத்தில் ஒரு வீட்டில் இருந்தால் அக்கம்பக்கத்தில் என்னென்ன பேச்சுகள் எழும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

"கிரகணத்தன்று வெளியே போயிருப்பாள்" என்பார் ஒருவர். "வயிற்றுப் பிள்ளையோடு இருட்டோடு இருட்டாகப் பால்மரம் வெட்டப் போனாளே, காற்றுக் கறுப்பு பட்டிருக்கும்" என்பார் இன்னொருவர். "முன்வினை, யார் என்ன செய்ய முடியும்?" என்று பெருமூச்சு விடுவார் மூன்றாமவர். பேசியவர்கள் பேசிவிட்டு மறுநாள் காலை பெரட்டுக்குப் போய்விடுவார்கள். பழி மட்டும் பெற்றவள் தலையிலேயே நின்றுவிடும்.

வேறொரு பேச்சும் உண்டு. "ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் கெடுத்துவிட்டார்கள். ஆயுதம் போட்டு இழுத்ததில் மூளை கலங்கிவிட்டது" என்பது அது.

முதல் பேச்சு தாயைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது பேச்சு டாக்டரையும் தாதியையும் குற்றவாளியாக்குகிறது. இரண்டிலும் விசாரணை இல்லை, தீர்ப்பு மட்டுமே இருக்கிறது. குருண் வட்டாரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவரும் ஆசிரியன் என்ற முறையில், இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் சிக்கி, பிள்ளையையும் கவனிக்க முடியாமல், நியாயத்தையும் கேட்க முடியாமல் தவித்த குடும்பங்களை நான் அறிவேன். அவர்களுக்காகவும், இனிமேல் பிள்ளை பெறப்போகும் தங்கைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இது என்ன நோய்?

இதை டாக்டர்கள் 'செரிப்ரல் பால்சி' என்கிறார்கள். நாம் மூளை முடக்குவாதம் எனலாம். கை கால்களில் எலும்புக் கோளாறு கிடையாது. கை கால்களை ஆட்டிவைக்கும் மூளையின் ஒரு பகுதி, வளரும் பருவத்திலேயே பழுதுபட்டுவிடுகிறது. சில குழந்தைகளுக்குத் தசைகள் விறைத்துக்கொள்ளும். சிலருக்குக் கை கால்கள் தம் போக்கில் முறுக்கி ஆடும். சிலருக்கு நிற்கும்போதும் நடக்கும்போதும் நிதானம் இருக்காது.

இது தொற்றுநோய் அல்ல. மூளையில் ஏற்பட்ட பழுது நாளுக்கு நாள் பெருகுவதும் இல்லை. ஆனால் பயிற்சி கொடுக்காமல் விட்டுவிட்டால் விறைத்த தசைகள் சுருங்கி, மூட்டுகள் கோணிப்போகும். வாய் குழறுவதால் அறிவும் குழம்பியிருக்கும் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அறிவு வளர்ச்சியில் குறைவு இருப்பதில்லை. உலகில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ இரண்டு குழந்தைகள் இந்த நிலைக்கு ஆளாவதாகக் கணக்கிட்டு வந்திருக்கிறார்கள்.

பிரசவத்தில் மட்டும்தான் கோளாறா?

லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற டாக்டர் இருந்தார். கஷ்டமான பிரசவம், மூச்சுத் திணறல், குறைமாதப் பிறப்பு ஆகியவற்றால் குழந்தையின் கை கால்கள் விறைத்துப்போகலாம் என்று அவர் 1861ஆம் ஆண்டில் மருத்துவர் சங்கம் ஒன்றில் எடுத்துரைத்தார். வெகு காலம் இந்த நோய்க்கு 'லிட்டில் நோய்' என்றே பெயர் இருந்தது. "பிரசவத்தில்தான் கெட்டது" என்ற எண்ணம் உலகெங்கும் ஊன்றிப்போனது இப்படித்தான்.

1897ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து நரம்பு மருத்துவர் ஒருவர் இந்தக் கருத்துக்கு மாற்றாக ஒரு கேள்வி கேட்டார். பிற்காலத்தில் மனோதத்துவத்தால் உலகப் புகழ் பெற்ற சிக்மண்ட் பிராய்டுதான் அவர். கருவிலேயே பழுதுபட்ட குழந்தை என்பதால்தான் பிரசவம் கஷ்டமாகிறதோ என்பது அவர் சந்தேகம். அந்தக் கேள்வியை அப்போது பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

அமெரிக்காவில் 1959 முதல் 1966 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்துக் குறித்து வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது. இந்த நோய்க்கு ஆளான பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பிரசவ நேரத்து மூச்சுத் திணறல் காரணமாகத் தெரியவில்லை. 1988ஆம் ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியாவில் செய்த ஆராய்ச்சியில், நூற்றுக்கு எட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பிரசவ நேரத்து மூச்சுத் திணறல் காரணமாக இருந்திருக்கலாம் என்று கண்டார்கள்.

அப்படியானால் மற்றவர்களுக்கு? குறைமாதப் பிறப்பு, மிகக் குறைந்த எடை, இரட்டைக் கரு, கர்ப்பத்தில் தாய்க்கு வந்த ரூபெல்லா போன்ற தொற்றுநோய், கருவிலேயே மூளை இரத்தக் குழாய் அடைபடுதல், பரம்பரை அணுக்களில் பிழை என்று பட்டியல் நீளும். பிறந்த பிறகும் ஆபத்து உண்டு. மூளைக்காய்ச்சல், தலையில் அடி, நீரில் மூழ்குதல், கடுமையான மஞ்சள் காமாலை ஆகியவையும் மூளையைக் கெடுக்கும். கிரகணத்துக்கும் காற்றுக் கறுப்புக்கும் இந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

மஞ்சள் காமாலையைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை பெற்ற அறையை இருட்டாக வைத்திருக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இருட்டில் குழந்தையின் மஞ்சள் நிறம் தெரியாது. பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, மஞ்சள் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ அன்றைக்கே கிளினிக்குக்குப் போகவேண்டும். வெயிலில் காட்டினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் 'ஜி-6-பி-டி' சோதனை செய்கிறார்கள். அந்தக் குறை உள்ள குழந்தையின் துணிப்பெட்டியில் அந்துருண்டை போட்டால் அதன் நெடியே இரத்தத்தைச் சிதைத்துக் காமாலையை முற்றவைக்கும். சோதனை முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரசவ அறையில் எங்கே தவறலாம்?

நூற்றுக்குச் சிலரே என்றாலும் அந்தச் சிலர் நம் பிள்ளைகள். பனிக்குடம் உடைந்ததும் தொப்புள்கொடி முன்னே சரிந்துவிடலாம். நஞ்சு முன்கூட்டியே பிரிந்துவிடலாம். முன்பு சிசேரியன் செய்த கருப்பை வலி தாங்காமல் கிழிந்துவிடலாம். தலை வெளிவந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளலாம். இவற்றில் எது நேர்ந்தாலும் குழந்தையின் மூளைக்குப் போகும் பிராணவாயு தடைபடும். அங்கே நிமிடம் ஒவ்வொன்றும் கணக்கு.

இத்தகைய விபத்து நேர்ந்ததே அலட்சியம் ஆகிவிடாது. கைதேர்ந்த டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதும் கொடி சரியலாம். கண்காணிக்க வேண்டியதைக் கண்காணிக்கவில்லையா, அபாயக்குறி தெரிந்தும் மணிக்கணக்கில் காத்திருந்தார்களா, மேல் டாக்டரை அழைக்கத் தவறினார்களா, சொல்ல வேண்டியதைத் தாயிடம் சொல்லாமல் மறைத்தார்களா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

கண்காணிப்புக்கு ஓர் எளிய கருவி உண்டு. 'பார்ட்டோகிராப்' என்ற ஒற்றைத் தாள்தான் அது. கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு எப்படி, வலி எத்தனை முறை என்பதை மணிவாரியாக அதில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். பள்ளியில் நாங்கள் வருகைப் பதிவேடு வைப்பதைப்போல என்று எண்ணிக்கொள்ளுங்கள். கோடு எல்லை தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், அல்லது மேல்நடவடிக்கை எடுக்க வேண்டும். தொலைதூரக் கிளினிக்குகளில் மருத்துவச்சிகள் காலம் தாழ்த்தாமல் தாயை அனுப்பிவைக்க வேண்டும் என்பதற்காக, இன்று ஜிம்பாப்வே எனப்படும் ஆப்பிரிக்க நாட்டில் 1972ஆம் ஆண்டில் இதைச் செம்மைப்படுத்தினார்கள். பிறகு உலகச் சுகாதார நிறுவனம் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாட்டு மருத்துவமனைகளில் 35,000க்கும் மேற்பட்ட தாய்மாரிடம் இதைச் சோதித்து 1994ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. அளவுக்கு மீறி நீளும் பிரசவங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. அந்தச் சோதனையில் நம் நாட்டுத் தாய்மார்களுக்கும் பங்கு உண்டு.

தாதியர்களையும் டாக்டர்களையும் நாம் எதிரிகளாக எண்ண வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்குச் சுமார் 280 தாய்மார்கள் இறந்தார்கள். பிற்காலத்தில் அது 30க்கும் கீழே இறங்கியது. லயம் லயமாகவும் கம்பம் கம்பமாகவும் நடந்து திரிந்த மருத்துவச்சிகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் நன்றி இருப்பதற்காகக் கேள்வி கேட்கக்கூடாது என்பதில்லை.

நீதிமன்றங்கள் சொன்னது என்ன?

ஸ்காட்லாந்தில் நடின் மான்ட்கோமரி என்ற பெண்மணி. உயரம் குறைந்தவர், நீரிழிவும் உண்டு. நீரிழிவுள்ள தாயின் குழந்தை பெரிதாக வளரும் என்பது நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அவருக்கு நூற்றுக்கு ஒன்பது பத்து என்ற அளவில் இருந்தது. அதை டாக்டர் சொல்லவில்லை. சொன்னால் சிசேரியன் கேட்பார் என்பது டாக்டரின் எண்ணம். 1999ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் பிரசவத்தில் தோள் சிக்கிக்கொண்டது. பன்னிரண்டு நிமிடம் போராடித்தான் குழந்தையை எடுத்தார்கள். குழந்தைக்கு மூளை முடக்குவாதம். கீழ்க்கோர்ட்டுகளில் தோற்ற அந்தத் தாய் விடவில்லை. 2015ஆம் ஆண்டில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 52 லட்சத்து 50 ஆயிரம் பவுன் இழப்பீடு. ஒரு தாய் அறிந்துகொள்ள விரும்பும் ஆபத்தை அவளிடம் சொல்வது டாக்டரின் கடமை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதே 2015ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றமும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குத் தீர்ப்பு வழங்கியது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் குறைமாதப் பெண் குழந்தை ஒன்று 1,250 கிராம் எடையில் பிறந்தது. அப்படிப் பிறந்த குழந்தைக்குச் சில வாரங்களுக்குள் கண் பரிசோதனை செய்ய வேண்டும். அதை யாரும் செய்யவில்லை, பெற்றோருக்குச் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வை இழந்தது. இது மூளை முடக்குவாதம் அல்ல என்றாலும் நமக்கு இதில் பாடம் உண்டு. செய்த தவறு மட்டுமல்ல, செய்யாமல் விட்டதும் சொல்லாமல் விட்டதும் அலட்சியமே. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு 1 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்கும்படி தீர்ப்பு வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். பிரசவத்தில் மூளை பாதிக்கப்பட்ட ஒரு குழந்தைக்காகப் பெற்றோர் தொடுத்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 2017ஆம் ஆண்டில் தள்ளுபடியானது. ஆனால் அந்த வழக்கில் நீதிமன்றம் இரண்டு வழிகளைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது. நோயைக் கண்டறிவதிலும் வைத்தியம் செய்வதிலும் டாக்டர் தவறினாரா என்பதற்கு, பொறுப்புள்ள மற்ற டாக்டர்கள் ஏற்கும் முறைப்படி நடந்தாரா என்று பார்க்கப்படும். அந்த முறையும் அறிவுக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். ஆபத்தை எடுத்துச் சொல்வதில் தவறினாரா என்பதை மட்டும், டாக்டர்களின் வழக்கத்தை வைத்துத் தீர்மானிக்காமல், நீதிமன்றமே தீர்மானிக்கும்.

ஆகவே, குழந்தை முடங்கியிருப்பதைக் காட்டினால் மட்டும் வழக்கு நிற்காது. டாக்டரோ தாதியோ கடமையில் தவறினார் என்பதையும், அந்தத் தவறுதான் மூளையைப் பாதித்தது என்பதையும் நிரூபிக்க வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் வழக்குத் தோற்றுப்போகும்.

தாளைப் பத்திரப்படுத்துங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு தாய், மகனுக்கு நாலரை வயதானபோது என்னிடம் வந்தார். "வலி எடுத்து ராத்திரி முழுக்கக் கிடந்தேன் சார், யாரும் வந்து பார்க்கல. இதுக்கு ஏதாச்சும் கேக்க முடியுமா?" என்றார். கிளினிக் புத்தகம் எங்கே என்று கேட்டேன். லயத்தைக் காலி செய்து டவுனுக்கு வீடு மாறியபோது பழைய காகிதங்களோடு எரித்துவிட்டார்களாம். எந்த நாள், எத்தனை மணி, யார் பார்த்தார்கள் என்பதும் மறந்துபோயிருந்தது. அவர் பக்கம் நியாயம் இருந்ததா, அல்லது அந்தக் குழந்தை கருவிலேயே பாதிக்கப்பட்டதா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. பழி மட்டும் இன்னும் அவர் தலையில்தான் இருக்கிறது.

ஆகையால் இதைச் செய்யுங்கள். கர்ப்பகாலத்தில் கொடுக்கும் ரோஸ் நிறப் புத்தகத்தையும் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தையும் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். குழந்தை பிறந்ததும் அழுததா, பிறந்த ஐந்தாவது நிமிடத்தில் 'ஆப்கார்' எண் பத்துக்கு எத்தனை, முதல் நாளில் வலிப்பு வந்ததா, மூச்சுக் கருவி வைத்தார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவமனையில் மருத்துவ அறிக்கை கேட்டு விண்ணப்பம் செய்யுங்கள். கூச்சல் வேண்டாம். எழுத்தில் கேளுங்கள், கேட்டதற்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

காலக்கெடு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். அரசாங்க மருத்துவமனை மீது வழக்குப் போடுவதானால், 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதத்துக்குள் போட வேண்டும். தனியார் மருத்துவமனை என்றால் தீபகற்ப மலேசியாவில் பொதுவாக ஆறு ஆண்டு. "பிள்ளை சின்னவன்தானே, பெரியவன் ஆகும்வரை நாள் இருக்கிறது" என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். மூன்று வயது நிறையும் முன்பே இத்தகைய வழக்குகளில் பழக்கமுள்ள வக்கீலைப் பார்த்துவிட வேண்டும். தாமதித்தவருக்கு நியாயம் இருந்தும் பயன் இல்லாமல் போகலாம்.

பிள்ளை பெறப்போகும் தங்கைகளுக்கு

கிளினிக் புத்தகத்தின் மேல் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் ஒட்டியிருப்பார்கள். அது அழகுக்கு ஒட்டியதல்ல. வெள்ளை என்றால் தாதி பார்த்தால் போதும். பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணரிடம் போக வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். "என் நிறம் எது? ஏன்?" என்று கேளுங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகும்போது சீர்வரிசையை மறந்தாலும் புத்தகத்தை மறக்காதீர்கள்.

குழந்தையின் அசைவு குறைந்தாலும், இரத்தம் பட்டாலும், பனிக்குடத் தண்ணீர் பச்சையாக வந்தாலும், வலி விட்டு விட்டு வராமல் ஒரே மூச்சாக நின்றாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குருணிலிருந்து தெற்கே சுங்கைப் பட்டாணியோ வடக்கே அலோர்ஸ்டாரோ, பெரிய ஆஸ்பத்திரிக்கு நடுராத்திரியில் யார் கார் கொடுப்பார் என்பதை ஏழாம் மாதத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையை வீட்டுக்குள் பூட்டாதீர்கள்

வழக்கு வெல்லலாம், தோற்கலாம். பிள்ளை வளர்ந்துகொண்டே இருக்கும். பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. சமூக நல இலாகாவில் பதிந்து மாற்றுத்திறனாளி அட்டை வாங்குங்கள். 1984ஆம் ஆண்டில் திரங்கானுவில் தொடங்கிய சமூக மறுவாழ்வு நிலையங்கள், 'பி.டி.கே.' என்ற பெயரில் இன்று நாடெங்கும் உள்ளன. 2019ஆம் ஆண்டு முதல் 'எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது' என்பது கல்வி அமைச்சின் கொள்கை. ஆகவே ஏழு வயதில் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். வாசலில் யாராவது தயங்கினால் இந்தக் கொள்கையைச் சொல்லிக் கேளுங்கள்.

அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் ஒரு கொத்தனார் வீட்டில் 1932ஆம் ஆண்டில் பிறந்த கிறிஸ்டி பிரவுனுக்கு இதே நோய்தான். உடம்பில் அவர் சொன்னபடி கேட்டது இடது கால் ஒன்றே. வீடு நிறையப் பிள்ளைகள் இருந்த அந்த ஏழைத் தாய் "இவனுக்கு ஒன்றும் புரியாது" என்று ஒதுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அந்த மகன் கால் விரலால் எழுதவும் படம் வரையவும் கற்று, 1954ஆம் ஆண்டில் தம் வாழ்க்கையைப் புத்தகமாக வெளியிட்டார்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைக்கு இந்நிலை ஏன் வந்தது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்தக் கேள்வியை லயத்துத் திண்ணையில் கேட்காதீர்கள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள், தேவைப்பட்டால் வக்கீலிடம் கேளுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிப் பாருங்கள். பக்கத்து வீட்டில் ஒரு தாய் இந்தக் கவலையோடு இருந்தால், கிரகணக் கதையை நிறுத்திவிட்டு, பிள்ளைக்கு எத்தனை மாதம் ஆகிறது என்று கேளுங்கள். முப்பத்தாறு மாதம் சீக்கிரம் ஓடிவிடும்.